கடல் கடந்த கைமருந்து

கும்மிடிப்பூண்டி முகாமில் எங்கள் கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1990-இல் திருகோணமலைக் கரையிலிருந்து எங்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவர்கள் அவர்கள்தான். ஒருவர் கண்மூடும்போது, செங்கமாரிக்கு எந்த இலை, மாந்தத்துக்கு எந்த வேர், பயந்த பிள்ளைக்கு என்ன செய்வது என்ற அறிவும் அவரோடு போய்விடுகிறது. இன்றைக்கு மருந்துக்கடை நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் மருந்துக்கடையும் வைத்தியரும் வீடும் வாசலும் இல்லாத மாதங்களில் எங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கிழவிகளின் கைமருந்தும் அவர்களுடைய நம்பிக்கைகளும்தான். பார்த்தவள் நான். எழுதி வைப்பது என் கடன்.

எங்கள் ஊர் சாம்பல்தீவுப் பக்கம். கிழக்கே கடல், மேற்கே களப்பு. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பும் கருவாடும் மணக்கும். என் அம்மம்மா பரியாரி அல்ல. ‘பார்வை’ பார்க்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். பிள்ளை பால் குடிக்காமல் அழுதால் அயலவர்கள் தூக்கிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வருவார்கள். அம்மம்மா திருநீற்றை உள்ளங்கையில் வைத்து வாய்க்குள் எதையோ சொல்லுவார். சொல்லச் சொல்லக் கொட்டாவி வரும், கண்ணில் நீர் கட்டும். கொட்டாவி பெரிதானால் நாவூறும் பெரிது. பிறகு உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார். மிளகாய் எரிந்தும் கமறல் வராவிட்டால், “பார் பிள்ளை, எவ்வளவு கண்ணூறு” என்று தாயைப் பார்ப்பார். அந்தத் தாயின் முகத்தில் ஒரு தெளிவு வரும். தன் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று யாரோ ஒருவருக்குத் தெரிந்துவிட்டது என்கிற தெளிவு அது. பிள்ளைகூட அந்த நேரத்தில் அழுகையை நிறுத்திவிடும்.

1990 ஜூன் மாதம் என் தம்பி பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. துடக்குக் கழிய 31 நாள். அதுவரை தாயும் பிள்ளையும் படலையைத் தாண்டக் கூடாது. பொழுது பட்ட பிறகு பிள்ளையின் துணி வெளியே காயக் கூடாது. தாயின் தலைமாட்டில் இரும்பு இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இரும்பு ஒரு பாக்குவெட்டி. அறைக்குள் நுழைந்தால் வேப்பெண்ணெய், சாம்பிராணி, பால், அம்மியில் அரைத்த சரக்கு எல்லாம் கலந்து மணக்கும். மிளகு, மஞ்சள், உள்ளி, கொத்தமல்லி, வேர்க்கொம்பு என்று நாங்கள் சொல்லும் சுக்கு. இவற்றை அரைத்து வைக்கும் சரக்குக் கறிதான் அம்மாவின் சாப்பாடு. அம்மாவின் நெற்றி வியர்த்திருக்கும். உதடு வெளிறி, முகம் மட்டும் மஞ்சள் பூசியதில் பளபளக்கும். அம்மாவை நான் நிம்மதியாகப் பார்த்த கடைசி நாட்கள் அவை.

வைகாசி முடியவில்லை. கிழக்குக் கரையெங்கும் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நடக்கிற காலம். வெக்கையும் வருத்தமும் தணிய வேண்டும் என்று ஊர்கள் நேர்ந்துகொள்ளும் மாதம். அந்த மாதத்தில்தான் மறுபடி சண்டை மூண்டது. ஜூன் 11-க்குப் பிறகு இரவுகளில் நாய்கள் ஊளையிடத் தொடங்கின. நாய் ஊளையிட்டால் சாவு என்பார் அம்மம்மா. ஆட்கள் விட்டுப்போன வீடுகளின் நாய்கள் அவை, பசியில் ஊளையிட்டன. சாவும் வந்துகொண்டுதான் இருந்தது. வயற்கரையில் ஆட்காட்டிக் குருவி கத்தினால் யாரோ நடமாடுகிறார்கள் என்று பொருள். அது எங்கள் பாட்டன் காலத்து அறிவு. அன்றிரவு குருவி விடாமல் கத்தியது. அம்மம்மா விளக்கை ஊதினார், கதவைச் சாத்தவில்லை, அம்மாவை எழுப்பினார், பிள்ளையைப் பழஞ்சேலையில் சுற்றினார், பின்வேலியால் இறங்கினோம், ஓடினோம், பின்னால் வெளிச்சம் தெரிந்தது, வெடிச் சத்தம் கேட்டது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

31 நாள் விதியை அம்மம்மா தன் கையாலேயே உடைத்த இரவு அது. ஓட்டத்தின் நடுவிலும் அம்மாவின் கைக்குள் பாக்குவெட்டியைத் திணித்தார். “இதை விட்டிடாதை” என்ற அந்தக் குரல் இன்றும் கேட்கிறது.

விடிந்த பிறகு ஒரு காட்டு மரத்தடியில் யார் யார் எதை எடுத்து வந்தார்கள் என்று பார்த்தோம். அப்பா காணி உறுதியை எடுத்திருந்தார். சித்தியிடம் ஒரு சோடித் தோடு இருந்தது. அம்மம்மாவின் மடியில் காகிதச் சரைகள்: வசம்பு, வேர்க்கொம்பு, ஓமம், கருஞ்சீரகம், ஒரு சின்னப் பேணியில் சல்லி அம்மன் கோயில் திருநீறு. அப்பா ஏதோ சொல்ல வாய் எடுத்தார். சொல்லவில்லை. காட்டில் நடந்த அத்தனை நாட்களிலும் அந்தச் சரைகளைக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வயிற்றுவலிக்கு ஓமம். காய்ச்சலுக்கு யாரோ வைத்திருந்த கொத்தமல்லியோடு வேர்க்கொம்பைத் தட்டிப்போட்டு அவித்த குடிநீர். அவிக்கச் சட்டி இல்லாதபோது பால்மா ரின்னில் அவித்தார்கள்.

மடுவுக்கு வந்து சேர்ந்தோம். மடு மாதா கோயில் காட்டு நடுவில் இருக்கிறது. அந்த மண்ணுக்கு விஷம் இறங்கும் என்பது இலங்கை முழுக்க உள்ள நம்பிக்கை. பாம்பு கடித்தவர்களுக்குப் பூசுவார்கள், வீட்டைச் சுற்றித் தூவுவார்கள். சைவரும் சிங்களவரும் அதை எடுத்துப் போவது வழக்கம். மரத்துக்கு மரம் குடும்பங்கள் படுத்திருந்த அந்த வளவில் அம்மம்மாவும் ஒரு பிடி மண் எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்தார். “அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிக்கிற தாய்தானே” என்றார்.

ஆனால் அங்கே ஒரு பிள்ளை செத்துப்போனது. எங்களோடு நடந்து வந்தவர்களின் பெண் குழந்தை. வயிற்றோட்டம். அம்மம்மா மாதுளை ஓடு தேடினார், கிடைத்ததை அவித்துக் கொடுத்தார், திருநீறு போட்டார், இரவெல்லாம் மடியில் வைத்திருந்தார். அந்தப் பிள்ளையின் உச்சிக்குழி உள்ளே இறங்கிப் போனதை விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தேன். கண்கள் பெரிதாகித் திறந்தபடியே இருந்தன. விடியும்போது தாய் கேட்டாள்: “மாமி, பிள்ளை நித்திரையா?” அம்மம்மா பதில் சொல்லவில்லை. அதன் பிறகு எங்கே வயிற்றோட்டம் என்று கேட்டாலும் முதலில் கொதித்தாறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்து பருக்குவார், அடுத்த வேலையாக ஆஸ்பத்திரிக்குத் துரத்துவார். திருநீறு அதற்கும் பிறகுதான். கைமருந்துக்கு எல்லை உண்டு என்று அவருக்கு ஒரு பிள்ளை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது.

மடுவிலிருந்து மன்னார்க் கரைக்குப் போனோம். அங்கிருந்து இராமேசுவரத்துக்குப் பெரிய தூரமில்லை. தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அமாவாசையை ஒட்டிய இரவு. படகு ஓட்டி ஆட்களை எண்ணத் தொடங்கினார். அம்மம்மா தடுத்தார்: “தம்பி, தலையை எண்ணாதை. எண்ணினால் குறையும்.” அவர் எண்ணுவதை விட்டார். என் தம்பி அழுதால் கடற்படைக்குக் கேட்கும் என்று எல்லோர் கண்ணும் அம்மாவின் மடியில் இருந்தது. ஏறுவதற்கு முன்பே அம்மம்மா வசம்பைச் சுட்டு, தாய்ப்பாலில் உரசி, பிள்ளையின் நாக்கில் தொட்டு வைத்திருந்தார். எங்கள் மூக்கில் தேசிக்காயைப் பிடித்தார், அலை தூக்கியது, போட்டது, யாரோ வாந்தி எடுத்தார்கள், தூரத்தில் ஒரு வெளிச்சம் திரும்பியது, இயந்திரத்தை நிறுத்தினார்கள், எல்லோரும் படகின் அடியில் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தோம், பெட்ரோல் நாற்றமும் கடல்தண்ணீரும் வாய்க்குள் போனது, தம்பி அழவில்லை, வெளிச்சம் போனது, மறுபடி இயந்திரம், பிறகு மணல்.

அந்த வசம்பை இன்று என் மகளின் பிள்ளைக்கு நான் கொடுப்பதில்லை. வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், கேட்டுக்கொள்கிறோம். ஆனால் அன்று அந்த நாக்கில் தொட்ட விரலின் நடுக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் முடியாது.

மண்டபத்தில் பதிந்து, பேருந்தில் ஏற்றி, கும்மிடிப்பூண்டியில் இறக்கினார்கள். தெரியாத ஊரில் தகரமும் தார்ப்பாயும் போட்ட வரிசைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு சின்ன அறை. பக்கத்து அறையில் இருமினால் இங்கே நித்திரை கலையும். முதல் வெயில் காலத்திலேயே அம்மாள் வருத்தம் வந்துவிட்டது. ஒரு வரிசையில் ஒரு பிள்ளைக்கு முத்துப் போட்டது, பிறகு அடுத்த வரிசை. இத்தனை நெருக்கத்தில் யாரை எங்கே பிரித்து வைப்பது? கிழவிகள் வேப்பிலையைக் கட்டினார்கள். கொத்து தொங்குகிற வாசலுக்குள் யாரும் போகக் கூடாது. அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. நோயாளிக்குத் தனிப் பாய், தனிக் கோப்பை, இளநீர். தலைக்குத் தண்ணீர் வார்த்து மூன்றாம் நாள்தான் மற்றவர்களோடு கலக்கலாம். ஒலிபெருக்கியில் ஆயிரம் முறை சொன்னாலும் கேட்காத கூட்டம், வேப்பிலைக்கு அடங்கியது. அடுத்த தெருவில் உள்ளூர்க்காரர் வீட்டிலும் அதே கொத்து தொங்குவதைப் பார்த்து அம்மம்மா நின்றுவிட்டார். “இஞ்சையும் அவள்தான்” என்றார். இந்த ஊர் பிடித்துப்போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மூலிகை தேடுவதுதான் பாடாக இருந்தது. சிப்காட் பக்கத்து வேலியோர இலைகளில் ஆலைக் கரி படிந்திருக்கும். விரலால் தொட்டால் கறுப்பு ஒட்டும். பலமுறை அலசினாலும் குடிநீரில் இரும்பு நாறும். ஏரிக்கரையில் குடியிருந்த ஓர் இருளர் பெண்மணிதான் நொச்சியும் ஆடாதோடையும் தூதுவளையும் எங்கே தழைக்கும் என்று காட்டிக் கொடுத்தார். ஏழு கற்களை நட்டுக் கன்னிமார் என்று கும்பிடுகிறவர் அவர். பறிப்பதற்கு முன் செடியைத் தொட்டு ஏதோ சொல்லுவார். அம்மம்மாவும் அப்படித்தான். இருவரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கவில்லை.

பழவேற்காட்டிலிருந்து ஒரு மீன்காரம்மா அலுமினியக் கூடையோடு முகாமுக்கு வருவார். அகன்ற நெற்றி, காதில் பச்சைக் கல், கையில் எப்போதும் மீன் செதில் மினுங்கும். அம்மாவுக்குப் பால் வற்றிப்போனதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் கூடையின் அடியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு பால்சுறாவை எடுத்து வைத்தார். “ஆயா, இத்த புட்டு பண்ணிக் குடு. புள்ளைக்குப் பால் ஊறும். காசு அப்பறம் பாத்துக்கலாம்.” அம்மம்மாவின் முகம் மலர்ந்ததை நான் அப்படி அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. எங்கள் கரையிலும் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாதான். சுறாவை அவித்துத் தோலைச் சுரண்டி, முள் எடுத்து, உதிர்த்துப் பிழிந்தார். மஞ்சள், மிளகு, நிறைய உள்ளி, சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்தார். மீன்காரம்மா பக்கத்தில் குந்தியிருந்து, “எங்க ஊட்ல தேங்கா போட மாட்டோம்” என்றார். அந்த மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி இரண்டு கரைகளும் அன்று மாலை முழுதும் கதைத்துக்கொண்டிருந்தன. கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் பொறுக்கிற சூட்டில் தண்ணீருக்குள் காலை வைக்க வேண்டும் என்பது இரண்டு ஊரிலும் ஒன்றாகவே இருந்தது. சூட்டில் அந்த விஷத்தின் வீரியம் குறையும் என்று இன்றைய மருத்துவமும் அதையே சொல்கிறது.

அவர்களும் எழுப்பி விடப்பட்டவர்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. மீன்காரம்மாவின் புகுந்த வீட்டார் ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் இருந்தவர்கள். அங்கே ராக்கெட் தளம் வந்ததும் தீவை விட்டுப் பழவேற்காட்டு ஏரியின் இந்தப் பக்கம் வந்தவர்கள். 1971-இல் அந்தத் தளத்திலிருந்து முதல் ராக்கெட் ஏறியது. “சாமிக் கல்ல மட்டும் தூக்கினு வந்தாங்க” என்றார். அம்மம்மா திருநீற்றுப் பேணியைக் காட்டினார்.

1991 மே 21-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எங்களைப் பார்க்கிற கண்கள் மாறின. வெளியே போக அனுமதி, திரும்பி வரக் கணக்கெடுப்பு, பள்ளிக்கூடச் சேர்க்கை நின்றது. ஊர்க்காரர் சிலர் எங்கள் பேச்சைக் கேட்டதும் விலகி நடந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, பயம் எல்லோருக்கும் இருந்தது. மீன்காரம்மா வந்தார். உள்ளே விடாத நாட்களில் வெளியே நின்று, “ஆயா, இருக்கியா?” என்று கூப்பிட்டார். அம்மம்மா பதிலுக்கு அவருடைய பேரனுக்குக் கட்ட மந்திரித்த கயிற்றை வேலிக்கு மேலால் எறிந்தார். அரசியல் எங்கள் தலைக்கு மேலே நடந்தது. வேலியில் நடந்தது இதுதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் இரண்டு கரையையும் ஒரே காலையில் அடித்தது. திருகோணமலையில் மிஞ்சியிருந்த சொந்தங்களின் செய்திக்காக நாங்கள் தொலைபேசிக் கடை வாசலில் நின்றோம். பழவேற்காட்டுக் குப்பங்களுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். கிடைத்த செய்திகள் சில அழவைத்தன. சில செய்திகள் வரவேயில்லை. அதற்குப் பிறகு வந்தது ஒரு புதுப் பயம்: கடலில் போன பிணங்களை மீன் தின்றிருக்கும், மீன் தின்னக் கூடாது. கரையெங்கும் மீன் விற்கவில்லை. படகு உடைந்தவன், வலை போனவன், மிஞ்சியதைக் கொண்டு பிடித்து வந்தாலும் வாங்க ஆளில்லை. மீன்காரம்மா பல வாரம் கழித்து வந்தார். இளைத்துப் போயிருந்தார். கூடையில் மடவை மீன், கண் தெளிவாக, செவுள் சிவப்பாக. முழு வரிசையும் வாசலில் நின்று பார்த்தது. ஒருவரும் கிட்டப் போகவில்லை.

அம்மம்மா தடியை ஊன்றிக்கொண்டு போனார். அத்தனை விலக்குகளையும் எங்களுக்குக் கற்றுத் தந்தவர், அமாவாசை தப்பாதவர், அன்று கூடைக்கு முன்னால் குந்தினார். “கடல் எங்கட பிள்ளையளை எடுத்தது உண்மை. அதுக்காக இவள் பிள்ளையள் பட்டினி கிடக்கிறதோ?” என்று வரிசையைப் பார்த்துக் கேட்டார். ஒரு கூறு மீன் வாங்கினார். சமைத்து, கடலில் போனவர்களுக்கென்று முதலில் ஒரு இலையில் படைத்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் பரிமாறினார். தொண்டைக்குள் இறங்க மறுத்த அந்த முதல் கவளத்தை அவர் முகத்தைப் பார்த்தபடியே விழுங்கினேன். மறுநாள் நாலு வீடு வாங்கியது. எந்த விலக்கை எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் அவற்றைக் காத்தவர்கள் என்பதை நான் அன்று கண்ணால் கண்டேன்.

அம்மம்மா முகாமிலேயே இறந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி அந்தியேட்டிக் கிரியை திருகோணமலைக் கன்னியாவில் செய்வது. தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் நிலத்தைக் குத்தியதில் ஊறியவை என்று சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஏழிலும் ஏழு சூடு. அங்கே போக எங்களுக்கு வழியில்லை. பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போனோம். மீன்காரம்மாவின் மகன் படகில் முகத்துவாரம் வரை கூட்டிப்போனார், கூலி வாங்க மறுத்துவிட்டார். கரைக்கும்போது எந்தத் திசையைப் பார்ப்பது என்று அப்பா தடுமாறினார். “தெக்காலப் பாருங்க, உங்க ஊரு அங்கதான்” என்று அந்தப் பையன் கையைக் காட்டினார். அந்த முகத்துவாரம் மணலால் தூர்ந்து போகிறது என்றும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெருப்பித்தால் தங்கள் கடலே போய்விடும் என்றும் இன்று அவர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் அம்மம்மாவும் அந்தத் தண்ணீரில் இருக்கிறார். அந்தப் போராட்டம் எங்களுக்கு அந்நியமல்ல.

இரும்பு காக்கும் என்று பிறந்த அன்றே தாயின் தலைமாட்டில் பாக்குவெட்டி வைக்கப்பட்ட என் தம்பி, இன்று இரும்பு உருக்கும் ஆலையில் கூலி. இரவு இருமலோடு வருவான். இழுப்புக்கு ஆஸ்பத்திரி மருந்து இருக்கிறது, தவறாமல் எடுக்கிறான். அதன் மேல் நான் ஆடாதோடையும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுக்கிறேன். அவனுடைய பிள்ளைகளை என் பக்கத்தில் இருத்தி எழுதச் சொல்கிறேன்: கீழ்க்காய்நெல்லி எப்படி இருக்கும், நண்டுக் கறிக்கு ஏன் முருங்கையிலை போடுகிறோம், வேப்பிலை கட்டிய வாசலுக்குள் ஏன் போகக் கூடாது, எது வீட்டில் தீரும், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மடுவில் செத்த அந்தப் பெண் பிள்ளையைப் பற்றியும் எழுதச் சொல்கிறேன். அவளுக்குத் துடக்கும் கழிக்கவில்லை, கல்லறையும் இல்லை. ஒரு கொப்பியிலாவது அவள் இருக்கட்டும்.

2021-இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் போய் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. பெயர் மாறியது மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் 1987 ஜூலை முதல் இங்கே பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019-இல் வந்த திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. என் மகள் இங்கே பிறந்தாள். அவளுக்கு அம்மாள் வந்தபோது இந்த மண்ணின் வேப்பிலையில் படுத்தாள். பிள்ளை பெற்றபோது இந்தக் கடலின் சுறாவைத் தின்றாள். அவள் பிள்ளையின் 31-ஆம் நாள் தண்ணீர் இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர். இவர்கள் எந்த ஊர்ப் பிள்ளைகள் என்று எங்கள் கிழவிகளைக் கேட்டிருந்தால் ஒரு கணமும் யோசிக்காமல் சொல்லியிருப்பார்கள். இனி அதைச் சட்டமும் சொல்ல வேண்டும். அவர்களில் கடைசி ஒருவராவது கேட்கும்படியாக, சீக்கிரம் சொல்ல வேண்டும்.